கடலின் குறுகிய வழி அடைபட்டால் சந்தைக்கு என்ன ஆகும்?

ஹோர்முஸ், சூயஸ், செங்கடல் என்று ஏதாவது ஒரு பெயர் செய்தியில் அடிபட ஆரம்பித்தாலே "பெட்ரோல் விலை ஏறுமா?" என்பதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வழிகளில் போவது எண்ணெய் மட்டும் இல்லை. உலக வணிகச் சரக்கில், அளவுக் கணக்கில் பார்த்தால், 80 சதவீதத்துக்கும் மேல் கடலில்தான் நகர்கிறது. உரம், கோதுமை, கார் கியர்பாக்ஸ், உறைந்த மீன், மருந்துக்கான மூலப்பொருள், டைல்ஸ், செருப்பு என எல்லாம் இதில் அடக்கம். எண்ணெய் விலை ஒரே நாளில் ஏறி எல்லார் கண்ணிலும் படும். மற்றப் பொருள்களின் பாதிப்பு சில வாரமோ சில மாதமோ கழித்து, வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு உருவத்தில் வந்து சேரும். ஓர் இடத்தில் ஆலை நிற்கும், இன்னோர் இடத்தில் விதைப்புக்கு உரம் இருக்காது, வேறோர் இடத்தில் ஏற்றுமதியாளரின் வங்கிக் கடன் வரம்பு தீர்ந்துபோயிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே என்று பலருக்கும் தெரிவதில்லை.

அந்தப் பாதிப்பு எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

எந்தெந்த இடங்கள்?

கடல் பரந்தது என்றாலும் கப்பல்கள் போகும் தடங்கள் சில இடங்களில் ஒடுங்கிவிடுகின்றன. செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மாண்டெப் சுமார் 30 கி.மீ. அகலம். பாரசீக வளைகுடாவின் ஒரே வாசலான ஹோர்முஸ் மிகக் குறுகிய இடத்தில் 40 கி.மீ.க்கும் குறைவு. அதிலும் பெரிய கப்பல்களுக்கென்று வரையறுத்த தடம் ஒவ்வொரு திசைக்கும் 2 கடல் மைல்தான். மலாக்கா நீரிணை சிங்கப்பூர் அருகே 3 கி.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. இஸ்தான்புல்லைப் பிளந்து செல்லும் பாஸ்பரஸ் ஓர் இடத்தில் 700 மீட்டர்தான். இவற்றோடு மனிதன் வெட்டிய சூயஸ், பனாமா கால்வாய்கள்.

அடைபடும் விதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' சூயஸில் குறுக்காகச் சிக்கி ஆறு நாள் வழியை மூடியது. அது விபத்து. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் உக்ரைனின் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. 2023-ல் பனாமாவில் மழை பொய்த்ததால், கால்வாய்க்கு நீர் தரும் காட்டூன் ஏரி வற்றியது. அதே ஆண்டு நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். இந்த நான்கில் கடைசியாகச் சொன்னதில் யாரும் வழியை மூடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சூயஸ் கால்வாய் ஒவ்வொரு நாளும் திறந்தே இருந்தது. கப்பல்கள்தான் போகவில்லை.

ஏன் போகவில்லை? காப்பீடு. சாதாரணக் கப்பல் காப்பீடு போர் ஆபத்தை ஏற்காது. ஆபத்தான பகுதி என்று லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுக் குழு பட்டியலிட்ட கடலுக்குள் நுழைய, ஒவ்வொரு பயணத்துக்கும் தனிப் பிரீமியம் கட்ட வேண்டும். பெரும்பாலும் அது ஏழு நாளுக்கு மட்டுமே செல்லும். அமைதிக் காலத்தில் கப்பலின் மதிப்பில் 0.05 சதவீதம் போல இருந்த இந்தக் கட்டணம், செங்கடலில் 0.7 முதல் 1 சதவீதம் வரை போனது. 10 கோடி டாலர் மதிப்புள்ள கப்பலுக்கு 50,000 டாலராக இருந்தது 7 லட்சம் டாலராகும். அதற்கு மேல் மாலுமிகளின் உயிர். 2024 மார்ச்சில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' என்ற சரக்குக் கப்பல் தாக்கப்பட்டதில் மூன்று மாலுமிகள் இறந்தார்கள். அதன் பிறகும் அந்த வழியில் போகச் சொல்லி யாரையும் எளிதில் வற்புறுத்த முடியாது, வற்புறுத்தவும் கூடாது. ஆகவே ஒரு வழி அடைபட அதன் குறுக்கே சங்கிலி கட்ட வேண்டியதில்லை. சில தாக்குதல்களும் ஒரு பிரீமிய உயர்வும் போதும்.

சுற்றிப் போனால் என்ன ஆகும்?

ஆசியாவிலிருந்து வட ஐரோப்பாவுக்குச் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் சுமார் 3,500 கடல் மைல் கூடும். 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வேகத்தில் அது ஒன்பது நாளுக்குச் சற்று மேல். வானிலை, துறைமுகக் காத்திருப்பு எல்லாம் சேர்த்து 10 முதல் 14 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து நாள் தாமதம் அவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றும். பெரிய விஷயம்தான். எப்படி என்பது கன்டெய்னர் கப்பல்கள் ஓடும் முறையைப் பார்த்தால் புரியும்.

கன்டெய்னர் கப்பல் ஒரு நகரப் பேருந்துத் தடம் மாதிரி ஓடுகிறது. குறிப்பிட்ட துறைமுகத்தில் வாரம் ஒரு முறை, குறிப்பிட்ட கிழமையில் ஒரு கப்பல் வந்தாக வேண்டும். சீனாவில் கிளம்பி ஐரோப்பா போய்த் திரும்ப 12 வாரம் ஆகும் என்றால், வாரம் ஒரு கப்பல் விட 12 கப்பல்கள் தேவை. சுற்றுவழியால் போகவர இரண்டரை வாரம் கூடினால், அதே சேவைக்கு 14 அல்லது 15 கப்பல்கள் வேண்டும். பத்துச் சேவைக்கு இருபது, முப்பது கப்பல் கூடுதலாகத் தேவைப்படும். 20,000 டி.இ.யூ. கொள்ளும் கப்பல்கள் (20 அடிப் பெட்டி ஒன்று ஒரு டி.இ.யூ.) கேட்டவுடன் கிடைக்காது. ஆர்டர் கொடுத்துக் கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். எனவே வேறு தடத்திலிருந்து இழுப்பார்கள். செங்கடலுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத தென் அமெரிக்கத் தடத்திலும் மேற்கு ஆப்பிரிக்கத் தடத்திலும் கட்டணம் ஏறுவது இப்படித்தான்.

வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கலாமே என்றால், கப்பலின் ஒரு நாள் எரிபொருள் செலவு ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கேற்ப (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 16 நாட் வேகத்தை 18 ஆக்கினால் வேகம் 12 சதவீதம்தான் கூடும், நாளொன்றுக்கு எரியும் எண்ணெய் 40 சதவீதத்துக்கு மேல் கூடும். 2024 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் கப்பல்களின் கார்பன் வெளியேற்றத்துக்கும் கட்டணம் விதிப்பதால் நீண்ட பயணத்தின் சுமை இன்னும் ஏறுகிறது.

பெட்டிகளின் கதை இதைவிட மோசம். வாரம் 20,000 டி.இ.யூ. கிளம்பும் ஒரு சேவையில் சுற்று இரண்டு வாரம் நீண்டால், 40,000 டி.இ.யூ. அளவுப் பெட்டிகள் கூடுதலாகக் கடலிலேயே மாட்டிக்கொள்ளும். காலிப் பெட்டி திரும்பி வந்தால்தான் ஏற்றுமதியாளர் சரக்கை ஏற்ற முடியும். அதிக லாபம் தரும் சீனத் துறைமுகங்களுக்குத்தான் நிறுவனங்கள் காலிப் பெட்டிகளை முதலில் அனுப்பும். சிறிய துறைமுகங்களில் சரக்கு ரெடி, கப்பலும் வருகிறது, பெட்டி மட்டும் இருக்காது. இந்தத் தட்டுப்பாட்டில் மிக அநியாயமான பகுதி இதுதான். சிறு நாட்டு ஏற்றுமதியாளர் பணம் கட்டத் தயாராக இருந்தும் வரிசையில் கடைசியாக நிற்கிறார்.

கட்டணம் எவ்வளவு ஏறும்? முக்கியத் தடங்களின் சராசரியைக் காட்டும் ட்ரூரி குறியீட்டில் 40 அடிப் பெட்டிக்கு 2023 நவம்பர் இறுதியில் சுமார் 1,400 டாலர். 2024 ஜூலையில் அது 5,900 டாலரை ஒட்டி வந்தது. உயர்வு 4,500 டாலர் என்று வைத்து இரண்டு பெட்டிகளை ஒப்பிடுங்கள். ஒன்றில் 2 லட்சம் டாலர் மதிப்புள்ள மின்னணுச் சாதனங்கள், மற்றொன்றில் 20,000 டாலர் மதிப்புள்ள மரச் சாமான்கள். முதல் பெட்டியின் சரக்கு விலையில் உயர்வு 2.25 சதவீதம், இரண்டாவதில் 22.5 சதவீதம். கனமான, பருமனான, மலிவான பொருள்களை விற்கும் பகுதிகள்தான் அடிபடுகின்றன. அவை பெரும்பாலும் ஏழ்மையான பகுதிகளாகவும் இருக்கின்றன.

மாற்றுவழி என்று ரயிலையும் லாரியையும் சொல்வார்கள். செங்கடல் நெருக்கடியின்போது துபாயில் இறக்கி சவூதி வழியாக லாரியில் கொண்டுபோனதும் உண்டு. ஆனால் ஒரு லாரியில் ஒரு 40 அடிப் பெட்டிதான் ஏறும். 20,000 டி.இ.யூ. கப்பல் ஒன்றுக்கு ஈடாக 10,000 லாரி வேண்டும். சீனா-ஐரோப்பா சரக்கு ரயில் என்றால் சுமார் 200. அவசரச் சரக்குக்கு அந்த வழி உதவும், மொத்த வணிகத்தை அது தாங்காது.

எப்போது வரும் என்று தெரியாமல் போவது

தூரம் கூடுவதை வணிகம் எப்படியாவது தாங்கிக்கொள்ளும். 30 நாளில் வந்தது இனி 42 நாளில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் 12 நாள் முன்னதாக ஆர்டர் போட்டுவிடலாம். ஒரு கப்பல் 36 நாளில் வந்து, அடுத்தது 55 நாளில் வந்து, மூன்றாவது 'இந்த வாரம் ரத்து' என்று அறிவிக்கப்படுவதைத்தான் தாங்க முடிவதில்லை. கிடங்கில் வைக்க வேண்டிய பாதுகாப்புக் கையிருப்பைத் தீர்மானிப்பது சராசரி நாள் மட்டுமில்லை, அந்த நாள் எவ்வளவு முன்பின்னாகிறது என்பதும்தான். முழு விஷயத்திலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

நேரம் தவறுவது ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்ததற்குத் தொற்றும். பெரிய கப்பல்கள் எல்லாத் துறைமுகத்துக்கும் போவதில்லை. சிங்கப்பூர், கொழும்பு, ஜெபல் அலி போன்ற மையத் துறைமுகங்களில் பெட்டிகளை இறக்கிவிட, அங்கிருந்து சிறிய 'ஃபீடர்' கப்பல்கள் மற்ற இடங்களுக்கு எடுத்துப்போகும். பெரிய கப்பல் தாமதமானால் ஃபீடர் கிளம்பிவிடும், பெட்டி அடுத்த வாரம்வரை முற்றத்தில் கிடக்கும். தாமதமான கப்பல்கள் மூன்று ஒரே நாளில் வந்தால் கிரேன் போதாது. 2024 மத்தியில் சிங்கப்பூரில் கன்டெய்னர் கப்பல்கள் இடத்துக்காக 2, 3 நாள் காத்திருந்தன. செங்கடலிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தாக்குதல் எதுவும் நடக்காத துறைமுகத்தின் நிலை அது.

ஆலைகள் நிற்பதும் இதனால்தான். 2024 ஜனவரியில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலுள்ள வோல்வோ கார் ஆலை கியர்பாக்ஸ் வராததால் மூன்று நாள் நின்றது. ஹங்கேரியில் சுசுகி ஆலை, ஜப்பானிலிருந்து எஞ்சின்கள் வராமல் ஒரு வாரம் நின்றது. பெர்லின் அருகிலுள்ள டெஸ்லா ஆலை ஜனவரி 29 முதல் இரண்டு வாரம் பெரும்பாலான உற்பத்தியை நிறுத்தியது. ஒரு காரில் பல ஆயிரம் பாகங்கள். அவற்றில் ஒன்று வரவில்லை என்றாலும் மற்றதெல்லாம் கையில் இருந்து பயனில்லை. ஆலை நின்றால் அதற்கு இருக்கை, கண்ணாடி, வயர் கொடுக்கும் சுற்றுவட்டாரச் சிறு நிறுவனங்களுக்கும் அன்றே வேலை நிற்கும். பெரிய நிறுவனம் நஷ்டத்தைக் கணக்கில் எழுதிக்கொள்ளும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

பணம் எங்கே சிக்குகிறது?

ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். வாரம் 1 லட்சம் டாலர் சரக்கு அனுப்புகிறது, சரக்கு போய்ச் சேர்ந்ததும் பணம் வரும். பயணம் 30 நாள் என்றால் எந்த நேரமும் சுமார் 4.3 லட்சம் டாலர் மதிப்புள்ள சரக்கு கடலில் இருக்கும். 42 நாளானால் அது 6 லட்சம். கூடிய 1.7 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 17,000 டாலர். வலிக்கும், ஆனாலும் தாங்கலாம். வங்கி கொடுத்திருக்கும் கடன் வரம்பு 5 லட்சம் என்றால்தான் ஆபத்து. ஐந்தாவது வாரத்திலேயே வரம்பு முட்டிவிடும். மூலப்பொருள் வாங்கப் பணமில்லை, ஆர்டர் கையில் இருந்தும் உற்பத்தி நிற்கும். லாபத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனங்கள்கூட இப்படி மூடப்படுகின்றன. இது நேர வேண்டும் என்பதில்லை. நெருக்கடி தொடங்கியதும் வங்கியிடம் பேசி, பயண நாள் கூடியிருப்பதைக் காட்டித் தற்காலிகமாக வரம்பை உயர்த்திக்கொள்வது முதல் வேலை.

அடுத்து எல்.சி. எனப்படும் வங்கி உறுதிக் கடிதம். அதில் சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டிய கடைசி நாள் குறிக்கப்பட்டிருக்கும். ஆவணங்களை, கப்பலேற்றிய 21 நாளுக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. கப்பல் நிறுவனம் ஒரு பயணத்தை ரத்து செய்து சரக்கு அடுத்த வாரக் கப்பலில் ஏறினால், பில் ஆஃப் லேடிங் எனும் கப்பல் ரசீதில் விழும் தேதி கடைசி நாளைத் தாண்டிவிடும். ஒரே ஒரு நாள் தாண்டினாலும் வங்கி பணம் தர மறுக்கலாம். சந்தை விலை இறங்கியிருந்தால் வாங்குபவர் இதையே சாக்காக வைத்து விலையைக் குறைக்கக் கேட்பதும் நடக்கும். வழக்கமாகக் குறிக்கும் கடைசி நாளோடு குறைந்தது மூன்று வாரத்தைச் சேர்த்து எல்.சி. திறக்கச் சொல்வதுதான் இதற்கு மருந்து.

ஒப்பந்த வகையும் முக்கியம். எஃப்.ஓ.பி. என்றால் கப்பல் கட்டணம் வாங்குபவர் தலையில். சி.ஐ.எஃப். என்றால் விற்பவர் தலையில். 60,000 டாலர் சரக்கை 6 சதவீத லாபத்தில் சி.ஐ.எஃப். விலைக்கு ஒப்புக்கொண்டவருக்கு மிச்சம் 3,600 டாலர். கட்டணம் 4,500 ஏறினால் கைக்காசைப் போட்டு அனுப்ப வேண்டும். 'வழி அடைபட்டுவிட்டது, ஒப்பந்தம் செல்லாது' என்று சொல்லித் தப்பிக்கலாமா? 1956-ல் சூயஸ் மூடியபோது இதே கேள்வி எழுந்தது. சூடான் நிலக்கடலையை ஹாம்பர்க்குக்கு சி.ஐ.எஃப். விலையில் விற்றிருந்த நிறுவனம் அனுப்ப மறுத்தது. வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போய், 1961-ல் தீர்ப்பு வந்தது: நன்னம்பிக்கை முனை வழியாக அனுப்பியிருக்கலாம், செலவு கூடியது என்பதால் ஒப்பந்தம் ரத்தாகாது. ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றும் ஒப்பந்தங்களில் இன்றும் இதுதான் நிலை. கட்டணம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் உயர்வைப் பகிர்ந்துகொள்வோம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

சரக்கு காப்பீடு இல்லாமல் அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எவர் கிவன் மீட்கப்பட்ட பிறகு அதன் உரிமையாளர் 'பொதுச் சராசரி' அறிவித்தார். கப்பலைக் காப்பாற்றிய செலவைச் சரக்கு உரிமையாளர்கள் எல்லாரும் தம் சரக்கின் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும் என்ற பழைய கடல் விதி அது. காப்பீடு உள்ளவருக்கு நிறுவனம் உத்தரவாதம் கொடுக்கும். இல்லாதவர் ரொக்கப் பிணை கட்டினால்தான் பெட்டியை எடுக்க முடியும். அதற்கும் முன்னால், இழப்பீட்டுத் தகராறில் எகிப்து அந்தக் கப்பலை ஜூலை 7 வரை பிடித்துவைத்திருந்தது. சுமார் 18,300 பெட்டிகள், மூன்று மாதத்துக்கு மேல்.

காத்திருக்க முடியாத சரக்கு

செருப்பு தாமதமாக வந்தாலும் செருப்புதான். வாழைப்பழம் அப்படி இல்லை. 13, 14 டிகிரியில் குளிரூட்டி அனுப்பினாலும் பச்சையாக நிற்பது மூன்று, நான்கு வாரம். அதில் பத்து நாளைக் கடல் தின்றுவிட்டால் கடையில் வைத்து விற்க நாளே மிஞ்சாது. உயிருள்ள சரக்கின் நிலை இன்னும் பரிதாபம். 2024 ஜனவரி 5 அன்று ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டிலிலிருந்து சுமார் 16,000 ஆடு மாடுகளுடன் 'பஹிஜா' என்ற கப்பல் செங்கடல் வழியாகப் போகக் கிளம்பியது. ஆபத்துக் காரணமாக அரசு அதைத் திரும்பி வரச் சொன்னது. மாத இறுதியில் மீண்டும் ஆஸ்திரேலியக் கரைக்கு வந்த அந்தக் கால்நடைகள், கடும் கோடையில், நோய்த்தடுப்பு விதிகள் தடுத்ததால் உடனே இறங்கவும் முடியாமல் கப்பலிலேயே நின்றன.

உரமும் காத்திருக்க முடியாத சரக்குதான், ஆனால் வேறு விதத்தில். யூரியா கெட்டுப்போகாது, பருவம் போய்விடும். நெல்லுக்குத் தூர்கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் மேலுரம் இட வேண்டும். அந்த நாளைத் தாண்டி வரும் மூட்டையால் அந்தப் போகத்துக்குப் பயனில்லை. கடல்வழி யூரியா வணிகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வளைகுடா வட்டாரத்திலிருந்து வருகிறது. எரிவாயு மலிவாக இருக்கும் இடத்தில்தான் யூரியா ஆலை இருக்கும், அந்த ஆலைகளில் பெரும்பாலானவை ஹோர்முஸுக்கு உள்ளே இருக்கின்றன. எண்ணெய்க்குப் பல நாடுகள் அவசரக் கையிருப்பு வைத்திருக்கின்றன, உரத்துக்கு அப்படி ஒன்று பெரும்பாலும் கிடையாது. அதனால் ஹோர்முஸில் ஏற்படும் தடையின் நீண்ட பாதிப்பு அடுத்த அறுவடையில், ஆறு மாதம் கழித்து, தானிய விலையாகத் தெரியும்.

எண்ணெய், எரிவாயு சுத்திகரிப்பில் துணைப்பொருளாகக் கிடைக்கும் கந்தகமும் வளைகுடாவிலிருந்து பெருமளவில் போகிறது. கந்தகத்திலிருந்து கந்தக அமிலம், அதிலிருந்து பாஸ்பேட் உரம். ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்கங்களும் இந்தோனேசிய நிக்கல் ஆலைகளும் இதே அமிலத்தை நம்பியிருக்கின்றன. ஹீலியத்தைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. கருவிக்கும் சிப் தயாரிப்புக்கும் வேண்டிய இந்த வாயுவில் உலகத் தேவையின் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் கத்தார் தருகிறது. 2017 ஜூனில் அண்டை நாடுகள் தரைவழியை மூடியபோது கத்தாரின் இரண்டு ஹீலியம் ஆலைகளும் நின்றன. திரவ ஹீலியத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளவும் முடியாது. சிறப்புக் கன்டெய்னரிலும் சுமார் 45 நாளுக்கு மேல் போனால் ஆவியாகி வெளியேறத் தொடங்கும்.

உள்ளே வரும் சரக்கும் இதே வாசலைத்தான் நம்பியிருக்கிறது. பஹ்ரைனின் அல்பா ஆலை ஆண்டுக்கு சுமார் 16 லட்சம் டன் அலுமினியம் உருக்குகிறது. ஒரு டன்னுக்கு அதன் மூலப்பொருளான அலுமினா இரண்டு டன் வேண்டும், அதாவது 30 லட்சம் டன்னுக்கு மேல் கடல் வழியாக உள்ளே வர வேண்டும். அலுமினிய உருக்குக் கலங்களை விளக்கை அணைப்பதுபோல் நிறுத்திவிட்டுப் பிறகு ஓட்ட முடியாது. உலோகம் உள்ளேயே உறைந்தால் கலங்களைச் சீரமைக்க மாதக்கணக்காகும். ஆகவே அலுமினா குறையத் தொடங்கினாலே உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்தாக வேண்டும்.

வாசலோரம் இருக்கும் நாடுகள்

வழி அடைபடும்போது முதல் அடி விழுவது அதை வைத்து வாழும் நாட்டுக்கு. சூயஸ் கால்வாயின் வருமானம் 2023-ல் சுமார் 1,025 கோடி டாலர். 2024-ல் சுமார் 400 கோடி. கப்பல்களின் எண்ணிக்கை 26,000-க்கு மேல் இருந்தது 13,213 ஆகப் பாதியானது. எகிப்துக்கு டாலர் வரும் முக்கிய வழிகளில் கால்வாய் ஒன்று. அந்த டாலரில்தான் கோதுமையும் மருந்தும் வாங்க வேண்டும். 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டு டாலருக்கு 31-லிருந்து 50-ஐ ஒட்டிச் சரிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஏற்கெனவே இருந்த டாலர் தட்டுப்பாட்டைக் கால்வாய் இழப்பு ஆழமாக்கியது. செங்கடலின் வட முனையிலுள்ள இஸ்ரேலின் எய்லாட் துறைமுகம் ஏறக்குறைய வேலையே இல்லாமல் போனது. கடற்கரை இல்லாத எத்தியோப்பியாவின் வணிகத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் ஜிபூட்டி வழியாகத்தான் நடக்கிறது. ஏமன் தன் கோதுமைத் தேவையில் மிகப் பெரும் பகுதியை இறக்குமதி செய்கிறது. போரிலும் பசியிலும் தவிக்கும் மக்களுக்கு ஒரு டன் மாவின் கப்பல் கட்டணம் ஏறுவது உணவின் அளவு குறைவதாகவே முடியும்.

பனாமாவில் வேறு விதம். ஒவ்வொரு கப்பலையும் லாக் எனும் நீர்ப்படி அறைகளில் ஏற்றி இறக்க சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. நாட்டு மக்களில் பாதிப் பேரின் குடிநீரும் அதே ஏரிகளிலிருந்துதான். வறட்சியில் நாளுக்கு 36 கப்பல் என்றிருந்ததை 2023 இறுதியில் 22 வரை குறைத்தார்கள். கப்பல் மூழ்கும் ஆழ வரம்பும் 50 அடியிலிருந்து 44 அடியானது, அதாவது அதே கப்பல் குறைந்த சரக்கோடுதான் போக முடியும். வரிசையில் முந்தும் இடத்தை ஏலம் விட்டபோது ஒரு கப்பல் 40 லட்சம் டாலரை ஒட்டிக் கொடுத்து முந்திப் போனது. மலிவான தானியத்தை ஏற்றிய கப்பல் அந்த ஏலத்தில் நிற்கவே முடியாது. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆசியாவுக்குப் போகும் சோளமும் சோயாவும் இதனால் சுற்றுவழிக்குத் தள்ளப்பட்டன.

லாபம் பார்க்கும் இடங்களும் உண்டு. செங்கடல் நெருக்கடியில் கொழும்பு, மொராக்கோவின் டாஞ்சர் மெட், எரிபொருள் நிரப்பும் மொரீஷியஸ் ஆகியவற்றுக்கு வேலை கூடியது. சுற்றுவழியின் நடுவிலேயே இருந்தும் தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களால் வாய்ப்பை முழுதாகப் பிடிக்க முடியவில்லை. அங்கே ஏற்கெனவே நெரிசல், பழைய கிரேன்கள். தவிர அந்தக் கடல் பொல்லாதது. 2024 ஜூலையில் 'சி.எம்.ஏ. சி.ஜி.எம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின்' புயலில் 44 பெட்டிகளைக் கடலில் இழந்தது அந்தக் கரையோரம்தான்.

சரக்கே இல்லாத ஒரு பாதிப்பையும் சொல்ல வேண்டும். குறுகிய கடல்வழிகளின் அடியில் இணையக் கேபிள்களும் நெருக்கமாகப் போகின்றன. 2024 பிப்ரவரியில் தாக்கப்பட்ட 'ரூபிமார்' கப்பல், 21,000 டன் உரத்துடன் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே மிதந்தது. அந்த நாள்களில் செங்கடலடியில் கேபிள்கள் அறுந்தன. அதன் நங்கூரமே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆசியா, ஐரோப்பா, கிழக்கு ஆப்பிரிக்கா இடையிலான இணையப் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. போர்ப் பகுதியில் பழுதுபார்க்கும் கப்பலுக்கு அனுமதியும் காப்பீடும் கிடைக்காததால் சரிசெய்ய மாதங்கள் ஆயின.

கடை விலையில் எப்போது தெரியும்?

உடனே தெரியாது. 143 நாடுகளின் தரவை ஆராய்ந்த சர்வதேச நாணய நிதியத்தின் பொருளாதார வல்லுநர்கள், கப்பல் கட்டணம் இரட்டிப்பானால் பணவீக்கம் சுமார் 0.7 சதவீதப் புள்ளி கூடும் என்றும், அந்த விளைவு ஓராண்டு கழித்தே உச்சம் தொட்டு ஒன்றரை ஆண்டு வரை நீடிக்கும் என்றும் 2022-ல் கணித்தார்கள். இறக்குமதியை நம்பிய சிறு தீவு நாடுகளுக்கு இது பல மடங்கு. 2021-ன் கட்டண உயர்வு உலகச் சராசரியில் நுகர்வோர் விலையை 1.5 சதவீதமும், சிறு தீவு நாடுகளில் 7.5 சதவீதமும் ஏற்றக்கூடும் என்பது ஐ.நா. வணிக வளர்ச்சி அமைப்பு அப்போது போட்ட கணக்கு. 'வழி திறந்துவிட்டதே, விலை ஏன் இறங்கவில்லை?' என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. இன்று கடையில் இருக்கும் சரக்கு, கட்டணம் உச்சத்தில் இருந்தபோது கப்பலேறியது.

திறந்த பிறகும் சிக்கல் உடனே தீர்வதில்லை. எவர் கிவன் நகர்ந்தபோது காத்திருந்த கப்பல்கள் 400-க்கும் மேல். கால்வாய் ஒரு வாரத்துக்குள் அவற்றை அனுப்பிவிட்டது. அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஐரோப்பியத் துறைமுகங்களில் போய்க் குவிந்ததால் நெரிசல் அங்கே வாரக்கணக்கில் நீடித்தது. நீண்ட அடைப்பு முடியும்போது இன்னொன்றும் நடக்கும். சுற்றுவழிக்காகச் சேர்த்த கப்பல்கள் உபரியாகிவிடும், கட்டணம் வேகமாக விழும். உச்சத்தில் பயந்து ஓராண்டு ஒப்பந்தம் போட்டவர் அப்போது சந்தை விலைக்கு மேல் கட்டிக்கொண்டிருப்பார். ஆகவே நெருக்கடி நடுவில் கையெழுத்திடுபவர்கள் தேவையின் ஒரு பகுதியை மட்டும் நீண்ட ஒப்பந்தத்தில் வைத்து, அதையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறியீட்டோடு சரிசெய்யும்படி எழுதிக்கொண்டு, மீதியை அன்றன்றைய விலைக்கு விடுவது நடைமுறையில் பாதுகாப்பானது.